நேரமில்லை என்பது பாதிதான் உண்மை

முப்பதைத் தாண்டியவர்களிடம் "இப்பெல்லாம் கேம் ஆடுறதில்லையா?" என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வரும். நேரமில்லை. வேலை, கல்யாணம், குழந்தை, அப்புறம் எங்கே ஆடுவது? கேட்டவரும் தலையாட்டிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். எனக்கு அந்தப் பதில் ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருந்தது. ஏனென்றால் அதே ஆட்கள் ராத்திரி படுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஃபோனில் குட்டி வீடியோக்களைத் தள்ளிக்கொண்டிருப்பதையும் பார்க்கிறேன். சில ராத்திரிகள் நானும் அப்படித்தான். அந்த ஒரு மணி நேரம் ஏன் கேமுக்குப் போகவில்லை? ஆசை போய்விட்டதா என்றால் அதுவும் இல்லை. புது ஆட்டத்தின் டிரெய்லர் வந்தால் இப்போதும் ஓடிப்போய்ப் பார்க்கிறோம், தள்ளுபடியில் வாங்கியும் வைக்கிறோம். வாங்கியதைத்தான் ஆடுவதில்லை. நேரமும் கொஞ்சம் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. அப்படியானால் இல்லாமல் போனது எது?

கை வேகம் போய்விட்டது என்று சிலர் சொல்வார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. 2014ல் கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 'பிளாஸ் ஒன்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 16 முதல் 44 வயது வரையுள்ள 3,305 பேர் ஆடிய ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற வேகமான போர் உத்தி ஆட்டத்தின் பதிவுகளை எடுத்து, திரையில் ஒன்றைப் பார்த்ததற்கும் அதற்குக் கை வேலை செய்வதற்கும் இடையிலான தாமதத்தை அளந்தார்கள். 24 வயதிலேயே வேகம் குறையத் தொடங்குகிறது என்பது அதில் தெரிந்தது. செய்தியானது அந்த ஒரு வரிதான். அதே கட்டுரையில் எனக்குப் பிடித்தது வேறு: வயதில் மூத்த ஆட்டக்காரர்கள் எளிமையான உத்திகளாலும், ஆட்டத்தின் கட்டளைகளைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் பழக்கத்தாலும் அந்தத் தாமதத்தை ஈடுகட்டிவிடுகிறார்கள். அதுவும் போக, எல்லா ஆட்டமும் வேகத்தைக் கேட்பதில்லை. 1991ல் வந்த சிவிலைசேஷன் போன்ற முறை வைத்து ஆடும் ஆட்டங்களில் ஒரு நகர்த்தலுக்கு அரை மணி நேரம் யோசித்தாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அவற்றையும்தானே நாம் விட்டுவிட்டோம். ஆகவே கையைக் குற்றம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

நேரம் நம்முடையதாக இருந்தபோது

கல்லூரி நாட்களில் எங்கள் கும்பல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, கவுன்டர்-ஸ்ட்ரைக் என்று கணினிகளை வயரால் இணைத்து ஆடியது. அப்போது யாரும் "இந்த ஆட்டம் எவ்வளவு நேரம் ஓடும்?" என்று கேட்டு உட்கார்ந்ததாக நினைவே இல்லை. முடியும்போது முடியும். மறுநாள் வகுப்பு இருந்தால் தூக்கம் குறையும், அவ்வளவுதான். குறைவது என் தூக்கம் மட்டும். அதற்கு நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

2004ல் வந்த, இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் இந்தச் சுதந்திரத்தை அடிப்படையாக வைத்துக் கட்டிய ஆட்டம். ஆரம்பத்தில் அதன் பெரிய ரெய்டுகளுக்கு, அதாவது கூட்டமாகப் போய்ச் செய்யும் சண்டைகளுக்கு, 40 பேர் வேண்டும். 40 பேரும் ஒரே நேரத்தில் வந்து உட்கார வேண்டும், பல மணி நேரம் எழுந்திருக்கக் கூடாது. 2007ல் வந்த விரிவாக்கத்தில் அந்த எண்ணிக்கை 25, 10 என்று இறங்கியது. 2009 டிசம்பரில், கில்ட் எனப்படும் நம் நிரந்தரக் குழுவின் ஆட்களைக் கூட்டிச் சேர்க்காமலே முன்பின் தெரியாதவர்களோடு சின்னக் குழுவாகச் சேர்த்துவிடும் டன்ஜன் ஃபைண்டர் என்ற வசதி வந்தது. இதற்கு நிர்வாகக் காரணங்கள் எத்தனையோ இருந்திருக்கும். ஆனால் அந்த ஐந்து வருஷத்தில் ஆட்டக்காரர்களுக்கும் ஐந்து வயது கூடியது, பலர் வேலைக்குப் போனார்கள், சிலருக்குக் குழந்தை பிறந்தது. அதுவும் ஒரு காரணம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 40 பேரின் மாலைப் பொழுதை ஒன்றாகக் கட்டுவது, எல்லோருக்கும் இருபது வயதாக இருந்தால்தான் நடக்கும்.

நான் முதலில் விட்டது குழு ஆட்டங்களைத்தான். ஐந்து பேர் ஓர் அணியாக மோதும் டோட்டா 2ல் ஒரு ஆட்டம் முக்கால் மணி நேரம் சாதாரணமாகப் போகும். நடுவில் எழுந்து போய் ஐந்து நிமிஷத்துக்கு மேல் திரும்பி வராவிட்டால் கைவிட்டதாகக் கணக்கு. அடிக்கடி செய்தால் தண்டனை வரிசையில் போட்டுவிடுவார்கள். நியாயமான விதி. நான் எழுந்து போனால் மற்ற நான்கு பேரின் மாலை வீணாகிறது. பிறந்து சில மாதமான குழந்தைக்கு அந்த நியாயம் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அதனால் அதை விட்டதில் எனக்கு வருத்தம் இருந்ததே தவிர குழப்பம் இருக்கவில்லை. தனியாக ஆடும் பெரிய ஆட்டங்கள் இருக்கின்றனவே, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், எப்போது வேண்டுமானாலும் தொடரலாம் என்ற நம்பிக்கையும் இருந்தது.

ஒரு காலியான மாலை

அந்த நம்பிக்கை உடைந்த மாலையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். மனைவியும் மகளும் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். மறுநாள் மதியம்வரை வீடு என்னுடையது. அலுவலக வேலை எதுவும் மிச்சமில்லை. இப்படி ஒரு மாலைக்காகத்தான் மாதக்கணக்கில் காத்திருந்தேன். சில வாரங்களுக்கு முன் பாதியில் நிறுத்திய ஒரு பெரிய கற்பனை உலக ஆட்டம், கன்சோலில் அப்படியே இருந்தது. திறந்தேன்.

என் ஆள் ஒரு குகைக்குள், கல்கதவு ஒன்றின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். கையில் ஈட்டி. ஈட்டியா? நான் வாள் வைத்து ஆடியதாகத்தான் நினைவு. எப்போது மாற்றினேன், ஏன் மாற்றினேன்? உருண்டு விலகுவதற்கான பட்டன் என்று நினைத்து ஒன்றை அழுத்தினேன். இருந்த ஒரே நல்ல மருந்தைக் குடித்துவிட்டான். பணிப் பட்டியலைத் திறந்தால், ஒரு பெண்மணியிடம் போய் அவள் கேட்டதற்குப் பதில் சொல் என்று இருந்தது. யார் அவள்? நம் பக்கமா, எதிரிப் பக்கமா? அவள் என்ன கேட்டாள்? வரைபடத்தின் ஒரு மூலையில் நானே சிவப்புக் குறி ஒன்று போட்டு வைத்திருந்தேன். அது ஏதோ முக்கியமான இடமாகத்தான் இருக்க வேண்டும், சும்மா போட்டிருக்க மாட்டேன். ஏன் என்று தெரியவில்லை. கதவைத் திறந்தேன். உள்ளே இருந்தது ஒரு பாஸ் ஃபைட், அதாவது பெரிய எதிரி ஒருவனோடு சண்டை. விரல்கள் ஒன்றை நினைக்க, திரையில் வேறு நடந்தது. நாலைந்து முறை செத்த பிறகு கன்ட்ரோலரைக் கீழே வைத்தேன்.

விசித்திரம் என்னவென்றால், இயந்திரத்துக்கு எல்லாம் நினைவிருந்தது. எந்த அடியில் நின்றேன், பையில் என்ன வைத்திருந்தேன், யாரைக் காப்பாற்றினேன், யாரிடம் பொய் சொன்னேன், எல்லாமே துல்லியமாக அங்கே இருந்தன. அவற்றைச் செய்தவனின் தலைக்குள்தான் ஒன்றும் மிஞ்சவில்லை. இடைப்பட்ட வாரங்களில் வேலையில் ஒரு பெரிய கெடு வந்து போனது, மகளுக்குக் காய்ச்சல் வந்து போனது, வீட்டில் நூறு சின்ன முடிவுகள் எடுத்தாயிற்று. அதற்கெல்லாம் இடம் கொடுக்க மூளை எதையாவது வெளியே தள்ளத்தானே வேண்டும். முதலிலிருந்து தொடங்கலாமா என்று யோசித்தேன். அந்த ஆட்டத்தின் தொடக்கத்தை ஏற்கெனவே ஒருமுறைக்கு மேல் ஆடியிருக்கிறேன். அந்தக் கிராமமும் அந்த முதல் சண்டையும் எனக்கு மனப்பாடம். நடுப்பகுதிக்கு மேல் என்ன நடக்கிறது என்று இன்றுவரை தெரியாது.

அன்றைக்கு நேரம் இருந்தது, நிறையவே இருந்தது. ஆட முடியவில்லை. அங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. இருபது வயதில் ஒரு ஆட்டத்துக்குப் பத்து மணி நேரம் கொடுத்தேன் என்றால் அது ஒரே வாரத்தில், அடுத்தடுத்த நாட்களில் கொடுத்தது. இன்றைக்கும் அதே பத்து மணி நேரத்தைக் கொடுக்க முடிகிறது. ஆனால் அது மூன்று மாதத்தில் சிதறிக் கிடக்கிறது. கணக்குக்கு இரண்டும் ஒன்று. கைக்கும் தலைக்கும் ஒன்றில்லை. பெரிய ஆட்டம் ஒவ்வொன்றும் நேற்றும் நீ இங்கே இருந்தாய் என்ற அனுமானத்தில்தான் எழுதப்படுகிறது. நேற்று கற்ற தந்திரத்தின் மேல் இன்றைக்கு ஒன்று, அதன் மேல் நாளைக்கு ஒன்று. வேலைக்கும் குடும்பத்துக்கும் வந்தவனிடம் போய்விட்டது அந்த 'நேற்று'தான். மணிக்கணக்கு குறைந்ததைவிட அது பெரிய இழப்பு. ஃபோன் வீடியோக்கள் ஜெயிப்பதும் இதனால்தான். அவை நேற்றைப் பற்றி எதுவும் கேட்பதில்லை.

கிளம்புவதும் திரும்பி வருவதும்

கேம் உலகம் பாதிப் பிரச்சினையை நன்றாகவே தீர்த்துவிட்டது. ஒரு காலத்தில் ஆட்டத்தைச் சேமிக்க வழியே இருக்காது. தொடங்கினால் முடிக்க வேண்டும், இல்லையென்றால் போயிற்று. 1987ல் அமெரிக்காவில் வெளியான மெட்ராய்ட் என்ற ஆட்டத்தில், விட்ட இடத்தில் தொடர 24 எழுத்துள்ள கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அதே வருஷம் அங்கே வந்த செல்டாவின் கார்ட்ரிட்ஜுக்குள் சின்ன பேட்டரி வைத்துச் சேமிப்பைக் காப்பாற்றினார்கள். அப்புறம் மெமரி கார்டு, ஹார்ட் டிஸ்க். 2017ல் வந்த நின்டென்டோ ஸ்விட்சில் ஒரு பட்டனைத் தட்டினால் ஆட்டம் அப்படியே தூங்கிவிடும், மறுபடி தட்டினால் அதே நொடியில் எழும். 2020ல் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்கள் பல ஆட்டங்களை ஒரே சமயத்தில் அப்படி உறைய வைத்தன. 2022ல் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி வந்து கணினி ஆட்டங்களுக்கும் அந்த வசதியைக் கொடுத்தது. குழந்தை அழும் சத்தம் கேட்டால் ஒரே தட்டு, எழுந்து போகலாம். பெற்றோராக இருக்கும் ஆட்டக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு இல்லை என்பேன். டார்க் சோல்ஸ் வகை ஆட்டங்கள் மட்டும் இன்னும் பிடிவாதமாக, மெனுவைத் திறந்தாலும் உலகத்தை நிறுத்துவதில்லை. அந்த வடிவமைப்பின் நோக்கம் புரிகிறது, மதிக்கவும் செய்கிறேன். ஆனால் அது என் வீட்டுக்குள் வர முடியாது.

இதெல்லாம் கிளம்புவதற்கான வசதி. திரும்பி வருவதற்கு என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்தால் பட்டியல் சின்னது. 2004ல் வந்த போகிமான் ஃபயர்ரெட், லீஃப்கிரீன் இரண்டிலும் சேமித்த ஆட்டத்தைத் திறந்ததும், கடைசியாக என்னென்ன செய்தோம் என்று காட்சிகளாக ஓட்டிக் காட்டுவார்கள். 2015ல் வந்த விட்சர் 3ல் ஆட்டம் ஏறுகிற நேரத்தில் ஒரு குரல் கதைச் சுருக்கம் சொல்லும். டிராகன் குவெஸ்ட் 11லும் இதுவரை நடந்த கதை வரும். 2023ல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 16ல் காட்சியின் நடுவே நிறுத்தி, இப்போது பேசிக்கொண்டிருப்பவர் யார், இது எந்த நாடு என்று பார்த்துக்கொள்ளலாம். இவற்றைச் செய்தவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. ஆனால் இவை எல்லாமே கதையைத்தான் நினைவூட்டுகின்றன. கைக்கு யாரும் நினைவூட்டுவதில்லை. கடைசியாகச் சேமித்த தேதி ஆட்டத்துக்குத் தெரியும். ஒரு மாதம் கழித்து வருகிறவனை நேராக பாஸ் ஃபைட் முன்னால் கொண்டுபோய் நிறுத்தாமல், ஒரு சின்ன அறையில் இரண்டு பலவீனமான எதிரிகளோடு விட்டு, உருள்வதற்கு இது, தடுப்பதற்கு இது, மருந்துக்கு இது என்று ஒரு சுற்று பழக விடலாம். கோடிக்கணக்கில் செலவு செய்து பாத்திரங்களின் தலைமுடி அசைவைச் செதுக்குகிறவர்களுக்கு இது பெரிய வேலையா? யாராவது செய்ய வேண்டும் என்று உண்மையிலேயே ஏங்குகிறேன்.

அதுவரை நான் செய்வது, நிறுத்தும் முன் ஒரு குறிப்பேட்டில் நாலு வரி எழுதுவது. எங்கே நிற்கிறேன், அடுத்து என்ன செய்ய நினைத்தேன், ஏன், எந்த ஆயுதம் எந்தப் பட்டனில். படுத்தால் போதும் என்றிருக்கும் ராத்திரியில் இது கஷ்டம்தான். எழுதிய ஆட்டங்களுக்குத் திரும்பிப் போயிருக்கிறேன், எழுதாதவற்றுக்குப் போகவில்லை.

நேற்றைக் கேட்காத ஆட்டங்கள்

இன்னொரு வழி, நேற்று தேவைப்படாத ஆட்டங்களைத் தேர்ந்தெடுப்பது. ஸ்லே தி ஸ்பயர், ஹேடீஸ் மாதிரி ஆட்டங்கள் என் வயது ஆட்களிடம் இவ்வளவு செல்வாக்காக இருப்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அவற்றில் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். மறந்தவனும் மறக்காதவனும் ஒரே வாசலில்தான் நுழைகிறார்கள். ஸ்டார்டியூ வேலியில் ஒரு நாள் என்பது நம் கடிகாரத்தில் சுமார் 14 நிமிஷம். ஆள் தூங்கப் போனால்தான் சேமிப்பு. அந்த அளவு எனக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. மனைவி "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டால் "பத்து நிமிஷம்" என்று சொல்ல முடிகிறது, சொன்ன நேரத்தில் எழவும் முடிகிறது. இதை லேசாக நினைக்க வேண்டாம். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் இருக்கிற ஆட்டமும் இல்லாத ஆட்டமும் ஒரு வீட்டுக்குள் வேறு வேறு விதமாக நடந்துகொள்கின்றன.

சிரமத்தைக் குறைத்து ஆடுவது பற்றியும் ஒரு வார்த்தை. ஹேடீஸில் காட் மோட் என்று ஒன்று உண்டு. சாகும்போதெல்லாம் நம் தாங்கும் சக்தி கொஞ்சம் கூடும். செலஸ்ட் என்ற இன்னொன்றில் ஆட்டத்தின் வேகத்தையே குறைத்துக்கொள்ளலாம். என் பழைய கும்பலில் சிலர் இதைக் கௌரவக் குறைச்சலாகப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. தினமும் பயிற்சி செய்கிறவனுக்கு அளந்து தைத்த சிரமத்தை மாதம் இருமுறை வருகிறவன் ஏன் சுமக்க வேண்டும்?

ஆனால் எனக்குக் கிடைத்த மிக நல்ல தீர்வு நான் தேடிப் போனது இல்லை. இட் டேக்ஸ் டூ என்று 2021ல் ஒரு ஆட்டம் வந்தது. விவாகரத்துக்குத் தயாராகும் கணவனும் மனைவியும் குட்டிப் பொம்மைகளாக மாறிவிடுகிற கதை. இரண்டு பேர் இல்லாமல் ஆடவே முடியாது. கேம் பக்கமே வராத என் மனைவி, அதன் படங்கள் பிடித்துப்போய் உட்கார்ந்தாள். இடது கட்டைவிரலால் நடந்துகொண்டே வலது கட்டைவிரலால் திரும்பிப் பார்ப்பது முதல் சில நாள் அவளுக்குப் பெரும்பாடு. பொறுமையாகப் பழகினாள். இதையும் வாரக்கணக்கில் இடைவெளி விட்டுத்தான் ஆடினோம். ஆனால் ஒவ்வொரு முறை திரும்பியபோதும் சிக்கல் இல்லாமல் தொடர்ந்தோம். காரணம், எனக்குப் பட்டன்கள் நினைவிருந்தன, அவளுக்குக் கதை நினைவிருந்தது. "இந்த அணில் ஏற்கெனவே நம்மை ஏமாத்தினானே" என்று அவள்தான் சொன்னாள். நான் அணிலையே மறந்துபோயிருந்தேன். ஒருவர் தலையில் நிற்காத நேற்று, இரண்டு தலைகளில் நின்றது. அந்த ஆட்டத்தை முடித்தோம். கல்யாணத்துக்குப் பிறகு நான் கடைசிவரை ஆடிய முதல் நீளமான ஆட்டம் அது.

மகளுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. மரியோ கார்ட் 8 டீலக்ஸில் சின்னப் பிள்ளைகள் பாதையை விட்டு விழாமல் இருக்க ஸ்மார்ட் ஸ்டீயரிங் என்று ஓர் உதவி உண்டு. அது வேலை செய்யும்போது வண்டியின் பின்னால் ஒரு குட்டி ஆன்டெனா தெரியும். ஒரு நாள் அதைக் காட்டி, "என் வண்டியில் மட்டும் இது எதுக்குப்பா?" என்று கேட்டாள். சொன்னேன். உடனே எடுத்துவிடச் சொன்னாள். எடுத்த பிறகு ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தில் விழுந்தாள், விழுந்து விழுந்து சிரித்தாள். ரொம்ப நாள் கழித்து மறுபடி உட்கார்ந்தபோது எந்த வளைவில் எங்கே விழுந்தாள் என்று வரிசையாக ஒப்பித்தாள். அவளுடைய நாட்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. அதைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமை வருவதில்லை. என்னுடையதும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது என்று சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு?

"எல்லாத்தையும் வாங்கி வைப்போம், ரிட்டயர் ஆனதும் ஆடிக்கலாம்" என்று நண்பர்கள் சொல்வார்கள். இதை நான் ஏற்பதில்லை. ஆட்டங்கள் புத்தக அலமாரிபோலக் காத்திருக்கும் என்று யார் சொன்னது? 2023 மார்ச்சில் நின்டென்டோ தன் பழைய ஆட்டக் கருவிகளான 3டிஎஸ், வீ யூ இரண்டுக்குமான இணையக் கடைகளில் விற்பனையை மூடியது. 2014ல் வந்த தி க்ரூ என்ற கார் பந்தய ஆட்டத்தின் சர்வர்கள் 2024 மார்ச் இறுதியில் நிறுத்தப்பட்டன. அதோடு தனியாக ஆடும் பகுதியும் சேர்ந்தே செத்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள்கூடத் திறக்க முடியவில்லை. அந்தக் கோபத்தில்தான் ஆட்டங்களைக் கொல்லாதீர்கள் என்று ஓர் இயக்கமே கிளம்பியது. இயந்திரம் காத்திருந்தாலும், அறுபதில் எனக்கு என்ன பிடிக்கும் என்று நாற்பதில் இருக்கும் நான் எப்படி முடிவு செய்வது?

அதனால் என் பட்டியலில் இருந்த நீளமான ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை நீக்கிவிட்டேன். குகைக் கதவு ஆட்டம் அதில் தப்பியது. அதை மறுபடி தொடங்கப் போகிறேன், ஆனால் கிடைத்த ராத்திரியில் கொஞ்சம் கொஞ்சமாக இல்லை. மகளின் அடுத்த நீண்ட விடுமுறையில் நானும் ஒரு வாரம் விடுப்பு எடுத்திருக்கிறேன். அந்த வாரம் மட்டும் தினமும் மனைவியும் மகளும் தூங்கிய பிறகு இரண்டு மணி நேரம், ஒரு நாள்கூட விடாமல். வீட்டில் பேசி ஒப்புதல் வாங்கியாயிற்று. மகள் ஒரு நிபந்தனை மட்டும் வைத்திருக்கிறாள், காலையில் எழுந்ததும் அன்றைய கதையை அவளுக்கு முழுசாகச் சொல்ல வேண்டுமாம்.